அரங்கமும் துருத்தியும்: ஆற்றிடைக்குறையில் மனை கொள்வோர் அறிய வேண்டுவன



ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. ஆற்றிடைக்குறை என்பது ஒன்று. துருத்தி என்பது ஒன்று. அரங்கம் என்பதும் அப்பொருளில் வழங்கிய சொல்லே. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓடும் திருவரங்கத்தை, இளங்கோவடிகள் காடுகாண் காதையில் துருத்தி என்றே சுட்டுகிறார். ஊரின் பெயரே நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஆயினும், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தும் கடன்பட்டும் அங்கு வீடு வாங்க வருவோர் செவியில் அப்பெயர் திருப்பதியின் பெயராக மட்டுமே விழுகிறது.

"ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கோயில் நிற்கிறதே, வெள்ளம் என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. கோயில் நிற்பது உண்மை. ஆனால் பழைய ஊர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் திரண்டிருந்தது. ஆற்றங்கரையை ஒட்டிய நிலங்களை முன்னோர் வயலாகவும் வாழைத் தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் விட்டு வைத்தனர். இன்று விலைக்கு வரும் மனைகளுள் பல அந்நிலங்களில் எழுந்தவை. கோபுரத்தின் உறுதியைக் கொண்டு படுகையின் உறுதியை அளத்தல் பொருந்தாது.

இரு ஆறுகளின் இயல்பும் ஒன்றன்று. முக்கொம்பில் பிரியும் நீரில் பாசனத்துக்குரியது காவிரியிலும், மிகுதி கொள்ளிடத்திலும் செல்கின்றன. கொள்ளிடம் அகன்றது, வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றே அதன் பெயருக்குப் பொருள் சொல்வர். தீவு கிழக்கே கல்லணையை நோக்கிக் குறுகுகிறது. உத்தமர்சீலியில் காவிரியின் மிகைநீர் கொள்ளிடத்துக்குக் கடந்து செல்லும் பொருட்டுச் சாலையே தாழ்வாக அமைக்கப்பட்டுள்ளது. பெருவெள்ளக் காலத்தில் கல்லணைச் சாலையில் போக்குவரத்து அங்கு நின்றுவிடும். ஆகவே மனையின் உயரத்தோடு, அங்கிருந்து வெளியேறும் வழியின் உயரத்தையும் பார்த்தல் வேண்டும்.

அணைகள் இருக்க அச்சமேன் என்பது அடுத்த வாதம். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் எழுந்த மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது. அதன் பின்னரும் 1977 நவம்பரில் திருச்சிராப்பள்ளி வெள்ளத்தில் மூழ்கியது. பவானியும் நொய்யலும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே வந்து சேர்கின்றன. அவற்றின் வடிநிலங்களில் பொழியும் ஐப்பசி, கார்த்திகை மழையை மேட்டூர் தடுக்க இயலாது. 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையும் இதையே நினைவூட்டியது. 1836-38இல் ஆர்தர் காட்டன் அமைத்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு ஒன்பது மதகுகள் இடிந்து சரிந்தன. அணை காப்பது உண்மை. அது என்றும் காக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கரை உடையாமலேயும் நீர் வீட்டுக்குள் வரும். இரு ஆறுகளும் நிறைந்தோடும் நாளில் தீவின் மழைநீர் வடிய இடமின்றித் தேங்கும். நிலத்தடி நீரும் மேலெழும். திருவானைக்காவின் கருவறையில் அப்புலிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுவதை வணங்குவோர், தம் வீட்டு அடித்தளத்தையும் கழிவுநீர்த் தொட்டியையும் பற்றி அந்த நீரிடமே பாடம் கேட்கலாம்.

வாங்குவோர் செய்யத்தக்கவை சில. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், 'அ' பதிவேட்டில் அந்நிலம் முன்பு எவ்வகையாகக் குறிக்கப்பட்டிருந்தது என்று காண வேண்டும். புல வரைபடத்தில் வாய்க்கால் ஓடிய இடத்தில் இன்று சுவர் நிற்கிறதா என ஒப்பிட வேண்டும். மழை நாளில் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். அண்டை வீட்டு முதியோரிடம் 1977இலும் 2005இலும் நீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்க வேண்டும். புதுச் சுண்ணாம்பு பூசிய சுவர் சொல்லாததை அவர்கள் சொல்வர்.

சட்டமும் விழிப்பையே எதிர்பார்க்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, வாங்குவோர் சாதாரண கவனத்தால் அறிய முடியாத குறைகளையே விற்போர் வெளியிடக் கடமைப்பட்டவர். விசாரித்தால் தெரியக்கூடியதைக் கேளாது விட்டவரின் வழக்கு வலுவிழக்கும். 2021 ஏப்ரல் முதல் வழக்கிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். கடன் பத்திரத்தோடு அதையும் எண்ணுதல் நன்று.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன பணி? படுகை, திட்டு, மேடு, பள்ளம், துருத்தி ஆகியன கவிதைக்கு அழகு தருவதற்காக மட்டும் பிறந்த சொற்கள் அல்ல. நீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று கண்டவர்கள் நிலத்தின்மேல் எழுதிவைத்த குறிப்புகள் அவை. மனைப்பிரிவு தோறும் 'நகர்' என்றும் 'கார்டன்' என்றும் பலகை நடப்படும்போது, ஒரு பழஞ்சொல்லோடு ஓர் எச்சரிக்கையும் அழிகிறது. வயல்களின், வாய்க்கால்களின் பழம்பெயர்களை முதியோர் வாய்மொழியாகக் கேட்டுப் புல எண்ணோடு பதிந்து வைப்பது கவிஞர்களால் ஆகும் காரியம். அப்பட்டியல் நாளை வீடு வாங்கும் ஒரு குடும்பத்தின் கையில் சேருமாயின், தமிழ்ச்சொல் அவர்கள் வாசற்படியைக் காத்ததாகும்.