ரேந்தை இழை



சட்டைக் கழுத்திலும் தலையணை உறையின் ஓரத்திலும் வைத்துத் தைக்கின்ற பின்னலை நாம் ரேந்தை என்கிறோம். அது போர்த்துக்கேயர் தந்த சொல். கதிரையும் அலுமாரியும் யன்னலும் வந்த வழியே வந்தது. சிங்களத்திலும் அது 'ரேந்த' தான். சொல் இரு மொழிக்கும் பொதுவாயிற்று. 'பீரளு' எனப்படும் கைத்தொழிலோ காலி, வெலிகம முதலிய தென்கரை ஊர்ப் பெண்களின் கையில் நிலைத்தது.

இறுக்கமான திண்டொன்றின் மேல் கோலம் வரைந்த தாளை வைத்து, புள்ளிதோறும் குண்டூசி குத்துகிறார்கள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் சோடி சோடியாகத் தொங்குகின்றன. அவற்றைக் குறுக்கே மாற்றி, முறுக்கி, பின்னல் வளர்கிறது. கட்டைக்குத்தான் பீரளு என்று பெயர். அகன்ற ரேந்தைக்கு நூறு கட்டைக்கு மேலும் வேண்டும். அவற்றில் ஓர் இழை அறுந்தாலும் வேலை நின்றுவிடும்.

காலியில் ஒரு வீட்டு விறாந்தையில் அப்படி ஒன்று என் கண்முன்னே நடந்தது. பேத்தியின் கையில் நூல் பட்டென்று அறுந்தது. முடிச்சு வெளியே தெரிந்தால் விலை குறையும்; பிள்ளையின் கண் கலங்கிற்று. ஆச்சி சொன்னார்: "இது இப்போது அறுந்த நூல் இல்லை மகளே, காலையிலிருந்தே அறுந்துகொண்டிருந்தது."

அதன் பொருளைப் பின்னர் விளங்கிக்கொண்டேன். நூலின் பலம் அதன் முறுக்கில் இருக்கிறது. கட்டைகளை மாற்றி மாற்றி வைக்கையில் சில இழைகளின் முறுக்கு மெல்ல அவிழ்கிறது. இழை தட்டையாகி, பஞ்சு பறந்தால் அது எச்சரிக்கை. உடனே கட்டையை விரலிடையே உருட்டி முறுக்கேற்ற வேண்டும். மெல்லிய நூலுக்குப் பாரமான கட்டை ஆகாது. கட்டையில் சிராய் இருக்கக் கூடாது. கடற்காற்றில் துருவேறிய ஊசி நூலை அராவும். நூல் குறுகினால் வெடுக்கென்று இழுக்காமல், கட்டையின் கழுத்துச் சுருக்கைத் தளர்த்தி, உருட்டி விட வேண்டும். பின்னலை இறுக்கும்போதும் ஊசி குத்திய பிறகு, இரு பக்கமும் ஒரே அளவாக, மெதுவாக இழுக்க வேண்டும்.

இத்தனை செய்தும் இழை நலிந்தால், அது அறும்வரை காத்திருப்பதில்லை. புதிய நூலை மேலே ஓர் ஊசியில் கட்டி, பழைய நூலோடு சேர்த்துச் சிறிது தூரம் இரண்டையும் ஒன்றாகவே பின்னுகிறார்கள். புதியது பிடித்துக்கொண்ட பின்பே பழையதை வெட்டுகிறார்கள். அங்கே முடிச்சே இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தக் கரையை அள்ளியபோது, திண்டும் கட்டையும் இழந்த பெண்கள் இருந்தார்கள். அவற்றை மீண்டும் செய்துகொள்ளலாம். கை பழகுவதற்கோ ஆண்டுகள் வேண்டும். ஆச்சி இருக்கும்போதே பேத்தி அருகில் அமர வேண்டும். அன்று அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு புதிய நூலை எடுத்தாள். ஆச்சியின் கை அவள் கையோடு சேர்ந்து சிறிது தூரம் சென்றது.