படகு தைத்த கதை



போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் அளவுக்கு ஒரு மரப்படகு செய்தேன். பத்தடி நீளம். ஆரம்பத்திலேயே ஒரு தச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். தரையில் கிடந்த ப்ளைவுட் துண்டுகளைப் பார்த்தவர், "சட்டம் எங்கே சார்? எதில் ஆணி அடிப்பது?" என்று கேட்டார். சட்டமும் கிடையாது, ஆணியும் கிடையாது என்றதும், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கீழ்வீட்டில் குடியிருக்கும் தையல்காரர் அன்று மாலை துணி உலர்த்த மேலே வந்தார். துண்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரவிக்கை கட்டிங் மாதிரி இருக்கே" என்றார். விஷயம் அதுதான்.

மரத்தைக் குடைந்தோ, விலாச்சட்டம் நிறுத்திப் பலகை அறைந்தோ செய்கிற படகு வேறு. அதற்குக் கைப்பழக்கம் ஒரு தலைமுறை வேண்டும். நான் செய்தது தையல் படகு: வெட்டிய பலகைகளைக் கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டுவது. இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்ற கைத்தொழில் ஆசிரியர் சிறு படகுகளுக்காக உருவாக்கிய முறை. 1960களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வீட்டு வேலை சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரோடு சேர்ந்து, இதே முறையில் ஒரு சிறிய பாய்ப்படகை உருவாக்கினார். டெய்லி மிரர் நாளிதழ் ஆதரித்ததால் அதற்கு மிரர் என்றே பெயர். வெட்டிய பலகைகளைப் பெட்டியில் வாங்கி, சாதாரணக் குடும்பங்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்டன. இதுவரை 70,000க்கும் மேல் மிதந்திருக்கின்றன.

ப்ளைவுட் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் "710" என்று கேட்டால் புரியும். மரைன் ப்ளைக்கான இந்தியத் தர எண் அது. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் பசை விடக்கூடாது என்பது சோதனை. எனக்கு 6 மில்லிமீட்டர் கனத்தில் எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு போதுமாக இருந்தது. எட்டடி ஷீட்டில் பத்தடிப் படகு எப்படி? இரண்டு ஓரங்களையும் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். சரிவின் நீளம் கனத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீட்டர்.

வளைகோடு வரைய ஒரு மெல்லிய ரீப்பர் போதும். குறித்த இடங்களில் ஆணி அடித்து, ரீப்பரை அவற்றோடு அணைத்து வளைத்தால் கோடு தானே அழகாக விழும். இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். தையல்காரர் துணியை மடித்துப் போட்டு இரண்டு கைகளையும் ஒன்றாக வெட்டுகிறாரே, அதே காரணம்தான்.

பிறகு தையல். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, நாலு விரற்கடைக்கு ஒரு துளை. அதில் செம்புக் கம்பியைக் கோத்து, கட்டிங் பிளேயரால் முறுக்க வேண்டும். முதலில் தளர்வாகத்தான். ஒவ்வொரு முறுக்காக இறுக்கிக்கொண்டே போகும்போது, தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் முனகிக்கொண்டு எழும்பும். ஒரு கட்டத்தில் மூக்கு கூடும், வயிறு விரியும். அன்று ராத்திரி நான் மூன்று தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த நேரத்தில் ஒற்றைக் கண்ணால் முனையிலிருந்து முனைவரை பார்த்து, படகு முறுகியிருந்தால் சரிசெய்துவிட வேண்டும். பசை காய்ந்தபின் கோணல் கோணல்தான்.

எபாக்ஸிப் பசையில் சலித்த மரத்தூளைக் கலந்து, வடைமாவு பதத்தில் உள்மூட்டு நெடுகக் கரண்டி முதுகால் இழுக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழை நாடா. இங்கேதான் நான் சூடுபட்டேன். நேரம் மிச்சப்படுத்தலாம் என்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர் நிறையப் பசையும் ஹார்ட்னரும் கலந்து வைத்தேன். பத்து நிமிஷத்தில் டம்ளர் புகைந்து, நெளிந்து, கையைச் சுட்டது. பசை இறுகும்போதே சூடு வரும். ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு, கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றி வைப்பதுதான் சரி. கையுறையும் மறக்கக் கூடாது.

பசை இறுகியபின் கம்பிகளை வெட்டி உருவி எடுத்துவிடலாம். தையல் சுவடே தெரியாது. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், கடலில் தள்ளி நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலா படகுகளும் தைத்தவைதான். அவற்றில் தேங்காய்நார்க் கயிறு கடைசிவரை இருந்தது. அலை தூக்கித் தரையில் போட்டாலும் பலகைகள் நெகிழ்ந்துகொடுக்கும். ஆணி அடித்திருந்தால் பிளந்திருக்கும். ஆனால் தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் படகு கசியாது, நெகிழவும் நெகிழாது. அலையடிக்கும் கடலுக்கு அதைக் கொண்டுபோக மாட்டேன்.

கண்மாயில் இறக்குமுன் ஒரு கணக்குப் போட்டேன். படகும் நானும் சேர்ந்து 100 கிலோ. தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் ஒன்றேகால் சதுரமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் பன்னிரண்டரை லிட்டர் தண்ணீர் விலகும். எட்டு சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். ஏறக்குறைய அங்கேதான் நின்றது. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெருமையாகத் துடுப்பை வலப்புறம் போட்டேன். படகு இடப்புறம் திரும்பியது. இடப்புறம் போட்டேன், வலப்புறம் திரும்பியது. கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தாம்பாளம் போல வட்டமடித்தேன்.

தையல்காரர் கரையிலிருந்து கையை வாயில் குவித்துக் கத்தினார்: "முதல் ட்ரையல்தானே சார், ஆல்டர் பண்ணிக்கலாம்!"

மறுவாரம், பின்புறம் அடியில் நட்டநடுவே ஒன்றரை அடி நீளத்துக்கு மீனின் துடுப்பு போல ஒரு பலகை ஒட்டினேன். நேராகப் போகிறது.