ஆட்டிசக் குழந்தைகளும் திடல் விளையாட்டும்

(புக்கிட் செலம்பாவ் ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் ஊரே ஆலயத்தில் கூடிவிடுகிறது என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. காவடியும் பால்குடமும் புறப்படும் வேளையிலும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் வீடுகள் எல்லா ஊர்களிலும் சில உண்டு. அங்கே ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கும். அப்பிள்ளையால் உறுமி மேளத்தின் ஓசையைத் தாங்க இயலாது. காதுகளைப் பொத்திக்கொண்டு அலறும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராது. ஒருமுறை ஆலயத்திற்கு அழைத்து வந்தபோது, சுற்றி நின்றவர்களில் எவரோ "வளர்ப்புச் சரியில்லை" என்று சொல்லியிருப்பார்கள். அதன்பின் அத்தாய் வருவதை நிறுத்தியிருப்பாள். அப்பிள்ளையைத் திடலுக்கு அழைத்து வருவது பற்றியதே இவ்வுரை.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகின்றனர். அச்சொல் முற்றிலும் பொருத்தமானதெனச் சொல்ல முடியாது. இப்பிள்ளைகளுள் பலருக்கு மதி இறுகியிருப்பதில்லை. பிறரோடு உறவாடும் வழிதான் நெருக்கமாக இருக்கிறது. பேச்சு தாமதமாவது, கண்ணோடு கண் பாராதிருப்பது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, ஓசை, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்வது ஆகியன இதன் குறிகள். அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளுள் 31 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இது கண்டறியப்படுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. பெண்பிள்ளைகளைக் காட்டிலும் ஆண்பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. இது தாயின் குறையால் வருவதன்று, தடுப்பூசியால் வருவதன்று. தடுப்பூசியைக் குற்றம் சாட்டி 1998இல் வெளிவந்த கட்டுரையை, அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்வினை, முன்வினை என்று காரணம் தேடி அலைவோரும் உளர். நேர்த்திக்கடன் வைப்பதில் தவறொன்றுமில்லை. அதன் பொருட்டு மருத்துவ நிலையத்திற்குச் செல்வதை ஓராண்டு தள்ளிப்போடுவதுதான் தவறு.

ஆட்டிசம் என்ற பெயரில் மருத்துவ ஏட்டில் முதன்முதல் பதிவான பிள்ளையின் கதை, தோட்டத்து மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய கதையாகும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவர் டோனால்டு டிரிப்லெட். மூன்று வயதிலேயே பெற்றோர் அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தனர்; அக்காலத்தில் மருத்துவர்கள் கூறிய வழி அதுதான். ஓராண்டு கழித்து மனம் பொறுக்காமல் மீட்டு வந்தனர். 1938இல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற பிள்ளை இவரே.

1942இல் பெற்றோர் அவரை வீட்டிலிருந்து ஏறத்தாழ பத்து மைல் தொலைவிலிருந்த ஒரு பண்ணையில் விட்டனர். பண்ணையை நடத்திய கணவனும் மனைவியும் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்ததைக் கண்டு, 1945இல் அங்குச் சென்ற கானரே வியந்து போனார். பிள்ளைக்கு எதையும் அளந்து பார்க்கும் பித்து இருந்தது. "அளக்காதே" என்று அவர்கள் அடிக்கவில்லை. ஒரு கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து வந்து சொல்லுமாறு பணித்தனர். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். சரி, எண்ணிக்கொண்டே ஏர் ஓட்டு என்றனர். கானர் சென்றிருந்த அன்று, அப்பிள்ளை குதிரை பூட்டிய ஏரால் ஆறு நீண்ட வரிசைகளை உழுது, கரையில் குதிரையைத் திறம்படத் திருப்பியும் காட்டினார். "ஆழம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல ஒருவரிடம் வந்தாக வேண்டும். "எத்தனை வரிசை முடிந்தது?" என்றால் நின்று பதில் கூற வேண்டும். அளப்பதும் எண்ணுவதும் தனிமைப் பழக்கமாயிருந்த நிலை மாறி, இன்னொரு மனிதரிடம் செல்வதற்குரிய காரணமாயின. அதுவும் அறைக்குள் நாற்காலியில் அமர்த்திச் செய்ததன்று. வெயிலில், மண்ணில், வேலையோடு வேலையாக நடந்தது.

டோனால்டு பின்னர் கல்லூரிப் பட்டம் பெற்று, 1958 முதல் சொந்த ஊர் வங்கியில் பணிபுரிந்தார். இளமையில் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிக்கொண்டார். வாரத்தில் நான்கைந்து முறை ஆடுவதாகவும், உள்ளூர்ப் போட்டிகளில் ஆறு கிண்ணங்கள் வென்றிருப்பதாகவும் அவருடைய தாயார் கானருக்கு எழுதினார். உரையாடலில் மகன் மிகக் குறைவாகவே கலந்துகொள்வதாகவும் அதே கடிதத்தில் அத்தாய் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஆட்டம் அவரைப் பேச்சாளராக்கிவிடவில்லை. ஆனால் ஊரார் நடுவே அவருக்கு ஓர் இடம் இருந்தது. 2023இல் தம் 89ஆம் வயதில் மறையும் வரை அவ்வூர் அவரைத் தன்னவராகவே வைத்திருந்தது. கோல்ஃப் தோட்டத்து மக்கள் ஆடிய ஆட்டமன்றுதான். ஆயினும் நம் தோட்டங்களில் கிட்டிப்புள்ளும் கோலியும் கிளித்தட்டும் சடுகுடுவும் இருந்தன. மாலையானால் லயத்துப் பிள்ளைகள் கூடும் திடலும் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, பிள்ளைகள் இழந்தது அந்தத் திடலைத்தான். ஆட்டிசப் பிள்ளைக்கு அது இரட்டை இழப்பு.

வெளிப்புற விளையாட்டு பேச்சுக்கும் பழக்கத்திற்கும் எவ்வாறு துணை நிற்கிறது? சாதாரண உரையாடல் கண்ணுக்குத் தெரியாத விதிகளால் ஆனது. எப்பொழுது தான் பேச வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும், எதிரிலிருப்பவர் முகம் ஏன் சுருங்கியது என்பனவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் அவற்றைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்கின்றனர். ஆட்டிசப் பிள்ளையால் அது எளிதில் இயலுவதில்லை. விளையாட்டிலோ விதி கண்முன்னே கிடக்கிறது. பந்து அவன் கையிலிருந்தால் அவன் முறை, இவன் கையிலிருந்தால் இவன் முறை. பாண்டி ஆட்டத்தின் கட்டம் மண்ணில் கோடாக இருக்கிறது. பந்து வரும் திசையை இருவரும் ஒருங்கே நோக்குகின்றனர். ஒரே பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பதுதான் பேச்சுக்கு முதற்படி என்று குழந்தை வளர்ச்சி வல்லுநர் கூறுவர். முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் கட்டாயம் அங்கில்லை. மேலும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பு வகுப்பறையில் குறையாகத் தோன்றுகிறது. பந்து வீசப் பழகும்போது அதற்குப் பயிற்சி என்று பெயர்.

இது வெறும் நம்பிக்கையன்று. இஸ்ரேலில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 51 ஆட்டிசக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2017இல் வெளியாயிற்று. அவர்களுள் 30 பேருக்கு வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், 13 வாரங்களுக்கு வெளிப்புறச் சாகச விளையாட்டுகள் அளிக்கப்பட்டன. பிறரோடு ஒத்துழைக்கவும் தொடர்புகொள்ளவும் வேண்டியவாறு அவை அமைந்திருந்தன. எஞ்சியோர் வழக்கமான வகுப்பில் மட்டும் இருந்தனர். விளையாடிய குழந்தைகளிடம் சமூகத் தொடர்புத் திறனில் முன்னேற்றம் காணப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பத்து வாரம் குதிரையேற்றம் கற்பித்து, 2015இல் வெளியிட்ட ஆய்விலும் பிள்ளைகள் கூடுதலான சொற்களைப் பேசியது தெரியவந்தது. எண்ணிக்கை சிறிது, காலமும் குறுகியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டிசம் விளையாட்டால் தீர்ந்துவிடும் என்று எவரேனும் விளம்பரம் செய்து பணம் கேட்டால், பெற்றோர் விலகிக்கொள்ள வேண்டும். ஆனால் அரை மணி நேரத் திடலுக்குப் பணம் எதற்கு?

தமிழர்க்கு மிக நெருங்கிய கடலிலும் ஒரு சான்று உண்டு. மும்பையைச் சேர்ந்த ஜியா ராய், ஆட்டிசம் கண்டறியப்பட்ட சிறுமி. 2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், தம் பதின்மூன்றாம் வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். எல்லாப் பிள்ளையும் பாக் நீரிணையைக் கடக்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் நீச்சல் இப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிடித்துப்போகிறது. நீரின் சீரான அழுத்தம் உடலை அமைதிப்படுத்துகிறது. பிறரோடு ஒரே குளத்தில் இருந்துகொண்டே தன் வழியில் தான் நீந்தலாம்.

நீச்சல் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டிசப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தைவிட்டுத் தனியே சென்றுவிட முயன்றுள்ளனர் என்று 2012இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அவ்வாறு செல்லும் பிள்ளையை நீர் ஈர்க்கிறது. ஆறும் குட்டையும் வாய்க்காலும் நிறைந்த கெடா மாநிலத்தில், இப்பிள்ளைகளுக்கு நீச்சல் விளையாட்டு மட்டுமன்று, உயிர்க்காப்பு. கற்றுத் தருபவர் ஒருவர், அருகிலேயே நிற்பவர் ஒருவர் என இருவர் இல்லாமல் நீரில் இறக்கலாகாது.

திடலில் தொடங்குவது எப்படி? குழு ஆட்டத்தில் முதல் நாளே தள்ளிவிடுதல் கூடாது. பதினைந்து பிள்ளைகள் கூச்சலிடும் கால்பந்தாட்டம் அப்பிள்ளைக்கு இடிமுழக்கம் போன்றது. முதலில் ஒருவரோடு சேர்ந்து நடப்பது, ஓடுவது, பிறகு இருவர் மட்டும் பந்தை உருட்டி விளையாடுவது, அதன்பின் மூன்றாமவர். மூன்றாமவர் வந்த அன்றுதான் "யாருக்குப் போடுகிறாய்?" என்ற கேள்வி பிறக்கிறது, பெயர் சொல்லி அழைக்கும் தேவையும் அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்தில் பொறுமையாகப் பல வாரம் நிற்கலாம், அவசரமில்லை. ஒரு வேளையில் ஒரு சொல் போதும்: "ஓடு", "நில்", "போடு".  இன்று என்ன விளையாட்டு, எது முதலில், எது கடைசியில் என்பதைப் படமாக வரைந்து காட்டினால் அழுகை குறையலாம். விசில் வேண்டாம், கையுயர்த்திக் காட்டலாம். வெயில் தணிந்து ஐந்தரை மணிக்குமேல் தொடங்குவது உத்தமம். ஏனெனில் சில பிள்ளைகளுக்குத் தாகமும் காயமும் உடனே உறைப்பதில்லை, கேட்காமலே தண்ணீர் கொடுக்க வேண்டும். பிள்ளை திடலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாலும் அதுவும் பங்கேற்பே.

அரசாங்க வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அரசாங்க மருத்துவ நிலையங்களில் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போது ஆட்டிசத்திற்கான வினாத்தாள் உண்டு. தாய்மார்கள் அதனை உள்ளபடியே நிரப்ப வேண்டும், வெட்கப்பட்டு மாற்றி எழுதுதல் கூடாது. உறுதியானபின் சமூக நல இலாகாவில் ஓ.கே.யூ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று எல்லா மாநிலங்களிலும் உள்ளன; பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உள்ளன. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், பண்பாட்டு வாழ்வு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் மற்றவரோடு சமமாகப் பங்குபெறும் உரிமையைத் தனிப் பிரிவுகளாகவே எழுதி வைத்திருக்கிறது. திடலில் இடம் கேட்கும் தாய் எவரிடமும் இரக்கம் கேட்கவில்லை.

ஆலயங்கள் திருவிழாவையொட்டிக் குடும்ப விளையாட்டுப் போட்டிகள் நடத்துவது வழக்கம்தானே. அவற்றில் இப்பிள்ளைகளுக்கெனத் தனிப் போட்டி வைத்து ஓரமாக நிறுத்த வேண்டியதில்லை. கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடும் போட்டியை இருவர் இருவராக ஓடும் போட்டியாக மாற்றினால் போதும். ஒரு பிள்ளையோடு ஊர்ப் பிள்ளை ஒருவன் இணையாக ஓடுவான். பலூன் உடைக்கும் ஆட்டத்தை மட்டும் நிகழ்ச்சியின் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். அந்த ஓசைக்கு முன்னரே இப்பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள். போட்டிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே, வாரம் ஒரு மாலை, அரை மணி நேரம், ஒலிபெருக்கி இன்றித் திடலில் பழகுவதற்கு இளைஞர் பகுதியில் இருவர் முன்வந்தால் வேலை தொடங்கிவிடும். ஒரே இருவர், ஒரே இடம், ஒரே நேரம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகிவிடும். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களும், கதவைத் திறந்து பிள்ளையை அழைத்துவர விரும்பும் பெற்றோரும் ஆலயச் செயலாளரை அணுகலாம்.