பதினேழு நிமிடப் படம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், குறும்படத் திரையிடலுக்கு முன் நிகழ்த்திய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் நீங்கள் பார்க்கப் போகும் படம் பதினேழு நிமிடம் ஓடும். முதலில் அது இருபத்திரண்டு நிமிடமாக இருந்தது. குறைந்துபோன அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிப் பேசத்தான் எங்களை அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். கடிதத்தில் "மாணவப் பருவத்துத் திரைப்பட அனுபவங்கள்" என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"நாங்கள்" என்று சொல்வது ஐந்து பேரை. 2003இல் உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்று ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி மெல்பேர்ணில், இருவர் இங்கே. அவர்களில் மூவர் வைத்தியர்களானோம். இந்தப் பேச்சை வட்ஸ்அப்பில் ஐவரும் வாசித்து, வெட்டி, சண்டை பிடித்துத்தான் முடித்தோம். ஆகவே பிழை இருந்தால் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் காணாத உறவுகள் வந்து இறங்கத் தொடங்கிய காலம். அப்படிக் கனடாவிலிருந்து வந்த ஒரு மாமா, கைக்கு அடக்கமான சோனி வீடியோ கமெரா ஒன்றையும் தீப்பெட்டியளவான ஐந்து கசற்றுகளையும் மூன்று கிழமைக்கு எங்களிடம் விட்டுப் போனார். ஒவ்வொரு கசற்றும் ஒரு மணிநேரம் ஓடும். கலியாண வீட்டு வீடியோவைத் தவிர வேறு படப்பிடிப்பை நாங்கள் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் படமே எடுக்கப்படவில்லை என்றுகூட நினைத்திருந்தோம். தமிழ் ரீச்சர்தான் திருத்தினார். 1972இல் "குத்துவிளக்கு" வந்ததையும், இங்கே பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜ 1977இல் "பொன்மணி" எடுத்ததையும் சொன்னார். பொன்மணி அதிக நாள் ஓடவில்லையாம். "அதில ஆக்கள் பேசாமல் இருப்பினம். அதுதான் சனத்துக்குப் பிடிக்கேல்லை. எனக்குப் பிடிச்சது" என்றார். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

எதைப் படமாக்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். நாலு இலட்சத்துக்கும் அதிகமானோர் அரியாலை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம் என்று தென்மராட்சிக்குப் போனோம். எங்களுக்கு அப்போது பத்து வயது. எங்களுக்குத் தெரியாததா என்ற எண்ணத்தில் பன்னிரண்டு பக்கத்தில் வர்ணனை எழுதினோம். "கண்ணீர்க் கடல்" என்ற சொல் மட்டும் நாலு இடத்தில் இருந்தது. ரீச்சர் சிவப்புப் பேனையால் பதினொரு பக்கத்தை வெட்டிவிட்டு, "ஆக்களிட்டப் போய்க் கேளுங்கோ" என்றார்.

முதற் கசற் காற்றோடு போனது. நாவற்குழிப் பாலத்தில் எடுத்தோம், கடல்நீரேரிக் காற்று மைக்குக்குள் புகுந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. மத்தியான வெயிலில் மாமர நிழலில் இருத்தி எடுத்தவர்களின் முகம் கரியாக, பின்னால் மணல் வெள்ளையாக எரிந்தது. இவை எல்லாரும் செய்கிற பிழைகள். தங்கைமாரே, உங்கள் தொலைபேசி இன்று இவற்றைத் தானாகவே திருத்திவிடும். அடுத்ததை அது திருத்தாது.

அரியாலையில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சைக்கிளில் போனோம். முதல் வீட்டில் ஓர் ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "இடம்பெயரேக்க உங்களுக்கு எப்பிடி இருந்தது, ஆச்சி?" என்று கேட்டோம். அவர் சுளகை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தார். "எப்பிடி இருக்கும்?" என்றார். நேர்காணல் முடிந்தது.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள், எங்களில் ஒருத்தி அலுப்பில், "என்னத்தைக் கொண்டு போனனீங்கள்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கசற் போதவில்லை. காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்த பிஸ்கற் ரின். கால்களைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் கரியரில் கட்டிய தையல் மெசினின் தலை. ஒரு சேவல். பிள்ளையின் ஐந்தாம் வகுப்புக் கணக்குக் கொப்பி. ஒருவர் முன்கதவுத் திறப்பைக் காட்டினார். 1996 ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. இன்னொருவர் கட்டையில் கட்டியபடி விட்ட பசுவை அவிழ்க்கத் திரும்பி ஓடி, இரண்டு நாள் குடும்பத்தைத் தவறவிட்டவர். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் மாறியது, வீட்டைப் பற்றிச் சொன்னபோது மாறவில்லை.

பின்னர் மருத்துவபீடத்தில் நோயாளியிடம் வரலாறு கேட்கப் படிப்பித்தபோது இது எங்களுக்குப் பழைய பாடமாகவே இருந்தது. "நோ எப்பிடி இருக்கு?" என்றால், "இருக்கு டொக்டர்" என்பார்கள். "நோ வரேக்க என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டால் நோயே வெளியே வரும்.

அடுத்தது எங்களுக்கே வெட்கமான சங்கதி. கசற்றுகளைப் போட்டுக் கேட்டபோது எல்லா இடத்திலும் எங்கள் குரல். அவர்கள் ஒரு வசனம் முடிக்குமுன் "ஓம் ஓம்", "ஐயோ", "பிறகு?" என்று நாங்கள். ஒரு நல்ல வசனத்தையும் சுத்தமாக வெட்டி எடுக்க முடியவில்லை. 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள்: நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடியில் வைத்தியர் குறுக்கே புகுந்துவிடுகிறார். எங்கள் கசற்றுகளை அவர்களிடம் கொடுத்திருந்தால் இன்னும் குறைவாக வந்திருக்கும். அதன் பிறகு, கேள்வி கேட்பவள் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவது என்று சட்டம் போட்டோம். விசித்திரம் என்னவென்றால், நாங்கள் பேசாமல் இருந்தால் அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னொரு வசனம் வரும். பெரும்பாலும் அதுதான் உண்மையான வசனம்.

இனி அந்த ஐந்து நிமிடம்.

அரியாலையில் ஓர் அம்மா, அப்போது ஐம்பது வயதிருக்கும். மகன் 1996இல் வீட்டிலிருந்து போனவர், திரும்பி வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் குடாநாட்டில் காணாமற்போனவர்கள் 600 பேர் வரை என்று சர்வதேச மன்னிப்புச் சபை பின்னர் எழுதியது. அப்போது அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. அந்த அம்மாவை நாங்கள் தேடிப் போனது இடப்பெயர்வைப் பற்றிக் கேட்கத்தான். "படம் பிடிக்கலாமோ அன்ரி?" என்று கேட்டோம், "பிடியுங்கோ பிள்ளையள்" என்றார். தேத்தண்ணி தந்தார். மழையையும் பாலத்தையும் பற்றிச் சொன்னார். மகனைப் பற்றியும் சொன்னார்: "என்ர மோன் கெட்டிக்காரன். கணக்கெண்டால் அவனுக்கு உயிர்."

முடித்துக்கொண்டு கேற்றடிக்கு வந்தோம். வாசலில் வைத்துத்தான் அவர் மற்றதைச் சொன்னார். அந்த நாள், அந்த நேரம், அவர் போட்டிருந்த சேட்டு, சாப்பிடாமல் போனது. வைத்தியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கால் மணிநேரம் வயிற்றுநோவைப் பற்றிப் பேசிய நோயாளி, கதவில் கைவைத்தபடி, "இன்னொண்டு டொக்டர்" என்பார். அதைச் சொல்லத்தான் வந்திருப்பார். அன்று கமெரா எங்களில் ஒருத்தியின் இடுப்பளவில் தொங்கியது. அவள் அதை நிற்பாட்டியிருக்கவில்லை.

மறந்துபோய் நிற்பாட்டாமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒரு முடிவில்லை. அவளுக்கே தெரியாது என்கிறாள். படம் சரிந்து, பாதி மதிலும் பாதி முகமுமாக இருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த அன்று நாங்கள் துள்ளினோம். ஆம், துள்ளினோம். படத்தின் உச்சம் கிடைத்துவிட்டது என்று.

திரையிடலுக்கு முதல்நாள் ரீச்சருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் அழவில்லை, பாராட்டவுமில்லை. "இது எடுபட்டது அந்த மனிசிக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

சண்டை அன்றிரவே தொடங்கியது. ஆரம்பத்தில் சம்மதம் தந்தார்தானே என்றாள் ஒருத்தி. முகத்தை மறைப்போம் என்றாள் இன்னொருத்தி. அரியாலையில் அந்தக் குரலை அறியாதவர் யார்? இதை இப்போது பதியாவிட்டால் நாளைக்கு ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதுதான் வலுவான வாதம். இன்றும் அதை இலேசாகத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை.

காலையில் சைக்கிளில் போனோம். கமெராவின் சின்னத் திரையை விரித்துக் காட்டினோம். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதில நான் 'கெட்டிக்காரனா இருந்தவன்' எண்டு சொல்லிப்போட்டன். அதைப் போடாதேங்கோ பிள்ளையள். அவன் இருக்கிறான். சனத்துக்கு முன்னால நான் அப்பிடிச் சொல்லக்கூடாது."

நாங்கள் அந்தக் காட்சியை இருபது தடவையாவது பார்த்திருப்போம். அந்தச் சொல்லை ஒருத்தியும் கவனிக்கவில்லை. முற்றத்தில் "கெட்டிக்காரன்", கேற்றடியில் "இருந்தவன்". ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து முதல்முறையாகத் தவறி விழுந்த சொல்லாக அது இருந்திருக்கலாம். அதைத்தான் நாங்கள் மண்டபத்தில் போட்டுக் காட்ட இருந்தோம். போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், தெளிவில்லாத இழப்பு என்று தமிழில் சொல்லலாம். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. பிற்காலத்தில் அதைப் புத்தகத்தில் படித்தபோது எங்களுக்கு நினைவு வந்தது அந்தச் சின்னத் திரையும் இரண்டு கைகளுமே.

வெட்டினோம். மூலக் கசற்றையும் அவரிடமே கொடுத்தோம். அவரிடம் அதைப் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. உறுதி இருந்த பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தார்.

லண்டனில் இருப்பவள் பல வருடம் கழித்துக் குளோட் லான்ஸ்மனின் "ஷோவா" பார்த்தாள். 1985இல் வந்த, ஒன்பது மணிநேரத்துக்கு மேல் ஓடும் படம். அதில் வதைமுகாமிலிருந்து தப்பிய ஒரு முடிவெட்டுபவர், இனிமேல் முடியாது என்று நிறுத்துகிறார். லான்ஸ்மன் விடவில்லை, சொல்லத்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவரும் சொல்கிறார். "அவர் விடேல்லை. அதால உலகத்துக்குத் தெரிஞ்சுது. நாங்கள் விட்டிட்டம்" என்று நடுச்சாமத்தில் எங்களுக்குச் செய்தி அனுப்பினாள். நியாயமான கேள்வி. எங்களில் நாலு பேரின் பதில், அந்த மனிதர் கமெராவுக்கு முன்னால் தெரிந்துகொண்டு நின்றார் என்பது. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன் சம்மதப் பத்திரம் வாங்குவோம். அவசரத்தில், எங்கே கையொப்பம் என்று காட்டி வாங்கிவிடுவதும் உண்டு. எங்களில் ஒருத்தி மட்டும் கையொப்பமிட்ட நோயாளியிடம் மறுநாள் காலையிலும் போய்க் கேட்பாள். தாதியர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்று கமெராவை நிற்பாட்டாதவள் அவள்தான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டிய குழியில் எலும்புகள் தெரிந்ததும், நீதிமன்ற உத்தரவில் அகழ்வு நடந்ததும், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அங்கே கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் ஆகஸ்ட் மாதம் சனத்துக்குக் காட்டினார்கள். அதற்கு அடுத்த கிழமை எங்கள் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தார். கையில் பிஸ்கற் ரின். அந்த அம்மாவின் மகள். அம்மா காலமாகி ஒன்பது வருடம் என்றார். "அண்ணா என்ன சேட்டுப் போட்டிருந்தவர் எண்டு எனக்கு ஞாபகமில்லை. நான் அப்ப சின்னப் பிள்ளை. இதில அம்மா சொல்லியிருக்கிறா எண்டு எனக்குத் தெரியும்."

அந்தக் கசற்றைப் போட இப்போது யாரிடமும் கமெரா இல்லை. கனடா மாமாவின் சோனி எப்போதோ செத்துவிட்டது. பட்டணத்தில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரின் பரணில் ஒரு பழைய கமெரா கிடைத்தது. நாடாவில் பூஞ்சணம். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. குரல் இருந்தது. சேட்டின் நிறத்தைச் சொல்லும் இடம் கேட்டது.

மகள் எங்களைக் கேட்டார்: "அம்மா ஆருக்கும் போடவேண்டாம் எண்டவ. இப்ப அம்மா இல்லை. இதை நான் குடுக்கலாமோ, டொக்டர்?" நாங்கள் மருந்துச்சீட்டு எழுதுவதுபோல் ஒரு பதில் எழுதிக் கொடுக்கவில்லை. தெரியாது என்றோம். சனத்துக்கு முன்னால் சொல்லக்கூடாது என்றுதான் அம்மா சொன்னார், தேடுகிறவர்களுக்குச் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லை, அதை மட்டும் நாங்கள் எங்கள் காதால் கேட்டோம் என்றோம். அவர் ரின்னை மூடிக்கொண்டு போனார். கசற்றும் பிரதியும் அவரிடம்தான் உண்டு. எங்களிடம் ஒன்றுமில்லை. என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

படம் தொடங்கப் போகிறது. பதினோராவது நிமிடத்தில் ஒரு தகரக் கேற் வரும். மூடியபடி, நாற்பது வினாடி. பின்னால் தோட்டத்துக்கு நீர் இறைக்கிற மெசின் சத்தமும் ஒரு காகமும் மட்டும் கேட்கும். மெசின் பழுது என்று யாரும் எழும்பிவிட வேண்டாம். 2003இல் மூன்று பேர் எழும்பிப் போய்ப் பிளக்கைப் பார்த்தார்கள்.

யன்னலடியில் இருக்கும் பிள்ளைகள் சீலையை இழுத்துவிடுங்கோ.