கதிரவனின் காந்தக் களஞ்சியம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொங்கல் நாளில் கதிரவனை நோக்கிக் கைகூப்பும் வழக்கத்தை நாம் இந்த மும்பை மாநகருக்கும் உடன் கொண்டுவந்தோம். நாள் தவறாமல் எழுந்து நாள் தவறாமல் மறையும் அவனை அமைதியின் வடிவமென்றே எண்ணுகிறோம். ஆயினும் அவன் மேனியில் சில நிமிடங்களுக்குள் மூண்டெழும் பெருஞ்சீற்றங்கள் உண்டு. அவற்றிற்கு வேண்டிய ஆற்றல் எங்கே சேர்கிறது, எவ்வாறு விடுபடுகிறது என்பதை இன்று காண்போம்.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் என்னும் வானியலறிஞர் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெண்சுடர்கள் தோன்றி, ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் மறைந்தன. பதினேழு பதினெட்டு மணி நேரத்திற்குப்பின் பூமி எங்கும் காந்தப் புயல் வீசியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது.

அப்புயலின் அளவை இன்று உலகம் அறிவதற்குப் பெருந்துணையாய் நிற்பது நம் கொலாபா என்றால் வியப்பாக இல்லையா? அங்கிருந்த ஆய்வுநிலையத்தில் காந்தமானியைக் கண்ணால் பார்த்துக் கையால் குறித்துவந்தனர். செப்டம்பர் 2ஆம் நாள் பூமியின் கிடைக்காந்த விசை 1,600 நானோடெஸ்லா அளவு, அதாவது ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு, குறைந்ததை அவ்வேடுகள் காட்டுகின்றன. மின்சார டிராம் வண்டிகள் வந்தால் கருவிகள் குழம்பும் என்பதால், 1904இல் அலிபாகில் புதிய காந்த ஆய்வுநிலையம் அமைந்தது.

இனி, ஆற்றல் சேரும் விதத்தைக் காண்போம். சூரியன் திண்பொருள் அன்று. அதன் நடுவரைப் பகுதி ஏறத்தாழ 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும். துருவப் பகுதிக்கோ ஏறத்தாழ 35 நாள் ஆகும். மின்னைக் கடத்தும் அதன் கனல்வாயு காந்தக் கோடுகளையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இவ்வாறு நீண்டும் சுற்றியும் வலுவேறிய கோடுகள் வளையங்களாய் மேலெழுந்து வெளிவரும் இடங்களே கரும்புள்ளிகள். அங்குள்ள காந்தம் பூமியின் காந்தத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது.

நம் குழந்தைகள் ஊஞ்சலில் அமர்ந்து கயிற்றை முறுக்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். முறுக்கிய உழைப்பு கயிற்றிலேயே தங்கும். காலைத் தூக்கியவுடன் ஊஞ்சல் சுழலும். அதுபோலவே காந்த வளையங்களின் அடிகள் ஓயாது நகர்ந்து, நாட்கணக்கில் அவற்றை முறுக்குகின்றன. ஆற்றல் ஓசையின்றிச் சேர்கிறது. ஆதலின் வெடிப்பு என்பது அந்நேரத்தில் பிறந்த செல்வம் அன்று. முன்பே சேர்த்த களஞ்சியம் திறப்பதே அது.

களஞ்சியம் திறப்பது எவ்வாறு? எதிரெதிர்த் திசை கொண்ட கோடுகள் ஓரிடத்தில் நெருக்குண்டால், இடையே மின்னோட்டம் பாயும் மெல்லிய தகடு ஒன்று உண்டாகும். அங்கே வாயுவின் பிடி தளரும். கோடுகள் அறுந்து, புதுத் துணையோடு இணையும். இதனைக் காந்த மறுஇணைவு என்பர். புதிதாய் இணைந்த கோடு வளைத்த வில்லைப் போன்றது. அது நிமிரும்போது வாயுவை இருபுறமும் வீசியெறிகிறது. காந்த ஆற்றல் வெப்பமாய், ஒளியாய், துகள்களின் வேகமாய் மாறுகிறது. வாயு ஒரு கோடி டிகிரிக்கு மேலும் கொதிக்கும். சில வேளைகளில் மேலிருக்கும் முறுக்கிய காந்தக் கயிறே கட்டவிழ்ந்து, நூறு கோடி டன் அளவுள்ள பொருளுடன் விண்வெளியில் பாயும்.

இதில் ஒரு புதிரும் இருந்தது. 1956, 1957ஆம் ஆண்டுகளில் ஸ்வீட், பார்க்கர் என்னும் அறிஞர்கள் செய்த கணக்கின்படி, இவ்விணைவு மிக மெதுவாகவே நடக்கவேண்டும். வானத்திலோ நிமிடங்களில் முடிகிறது! அத்தகடு முழுதாய் நில்லாமல் பல துண்டுகளாய் உடைந்து, பல இடங்களில் ஒருங்கே இணைவு நிகழ்வதே இவ்விரைவுக்கு ஒரு காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒரு பெரிய வெடிப்பின் ஆற்றல், மனித குலம் முழுவதும் இன்று ஓராண்டில் செலவிடும் ஆற்றலைப்போல் பதினாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. சூரியன் ஒரு நொடியில் வழங்கும் ஒளியோடு ஒப்பிட்டாலோ, ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான்!

இது நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாநில மின்னமைப்பு ஒன்றரை நிமிடத்தில் வீழ்ந்தது. அறுபது லட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். துருவத்திற்குத் தொலைவில் உள்ள நமக்கு அவ்விடர் குறைவே. ஆயினும் நம் தொலைபேசியும் வானிலை அறிவிப்பும் நாடும் செயற்கைக்கோள்களுக்கு அத்தகைய காவல் இல்லை.

2023 செப்டம்பர் 2ஆம் நாள், கொலாபா ஏடுகள் அப்புயலைக் குறித்த அதே நாளில், ஆதித்யா எல்-1 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டையில் பிறந்தவர். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது சூரியனை நோக்கிக் காவல் இருக்கிறது. எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்பதை ஓரளவு மதிப்பிட அறிஞர் கற்றுவிட்டனர். எந்த நிமிடத்தில் அவிழும் என்பதை முன்னறிந்து சொல்ல இன்னும் இயலவில்லை.

அதனைச் சொல்லப்போகும் அறிஞர் இன்று நம் காலனிச் சிறுவர் சிறுமியருள் ஒருவராய் இருக்கலாம். பெரிதாய் ஒன்றும் நேராத நாட்களிலும் கொலாபாவில் சோம்பாது எழுதி வைத்தனர். அதனாலன்றோ பெருநாள் வந்தபோது அதன் அளவு தெரிந்தது! அப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாக.