மார்கழியில் மாடித் தோட்டத்தை விட்டுவிட்டு



சென்னையில் குளிர்காலம் உண்டா என்று ஊட்டிக்காரரைக் கேட்டால் சிரிப்பார். தக்காளிச் செடியைக் கேட்டால் உண்டு என்றுதான் சொல்லும். ஜனவரி விடியற்காலையில் இங்கே 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. நமக்கு ஒரு மெல்லிய போர்வை போதும். தக்காளிக்கோ அது காய் பிடிக்கிற நேரம். ராத்திரிச் சூடு 24, 25 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிர்ந்துவிடும். மே மாதத்தில் செடி தளதளவென்று நின்றும் ஒரு காய்கூட இல்லையே என்று உரத்தைத் திட்டுகிறோம். பாவம், உரம் என்ன செய்யும்?

அவரையின் கணக்கு வேறு. அது குளிரைப் பார்ப்பதில்லை. இரவு எவ்வளவு நீளம் என்று பார்க்கிறது. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை மழை தொடங்கும்வரை கொடியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் ‘இது மலட்டுக் கொடி’ என்று பிடுங்கிப் போடுவதும் உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் சென்னையின் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பகல் அப்படிச் சுருங்கச் சுருங்கத்தான் கொடி பூக்கும். பொங்கல் கூட்டுக்குக் காய் வந்துவிடும். சாமந்தியும் இந்தக் கட்சிதான். எந்த மாதமும் காய்க்கிற செடி அவரை ரகங்கள் கடையில் கிடைக்கின்றன. ருசியில் அவை பந்தல் அவரையிடம் தோற்றுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, வெந்தயக் கீரை எல்லாம் இப்போது சொன்னபடி கேட்கும். விதைத்தால் போதும்.

இந்தப் பருவத்தின் இன்னொரு சலுகையை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. கோடையில் மாடித் தொட்டிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். ஒரு நாள் வெளியூர் போவதென்றாலும் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க வேண்டும். மார்கழியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலே போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். தொட்டியின் மேல்மண்ணில் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டால் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். ஆகவே கிளம்புங்கள்.

எங்கே? வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம் என்பேன். செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் ஏரிக்கரையில் நின்றால், இரை தேடப் போன நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஒரு கிளை காலியாக இருக்காது. எல்லாமே வெளிநாட்டுப் பறவைகள் என்று அங்கே யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். கூடு கட்டுகிறவை பெரும்பாலும் இந்தியப் பறவைகளே. ஊசிவால் வாத்து போன்றவைதான் தூர வடக்கிலிருந்து வந்து, தின்று, இளைப்பாறிவிட்டுப் போகின்றன.

தோட்டம் போடுகிறவர்கள் அங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரை. பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து அந்த ஏரி நீரே உரமாகிவிடுகிறது. அதுதான் சுற்றியுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை எழுத்திலேயே கொடுத்தார். 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. நீங்களும் அங்கே சத்தமாகப் பேசாதீர்கள், கார் ஹாரனை அடிக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் முதலில் அவரைக் கொடியின் நுனியைப் புரட்டிப் பாருங்கள். பனியும் மேகமூட்டமும் சேர்ந்த நாளில் அசுவினி கறுப்பாக அப்பியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். மாசி பிறந்துவிட்டால் தக்காளியில் புதுப் பூ தங்குவது குறையத் தொடங்கும். அந்தத் தொட்டிகளிலேயே வெண்டையும் கொத்தவரையும் ஊன்றிவிடலாம். அவற்றுக்கு வெயில் பிடிக்கும்.