மீட்டர் யார் பெயரில்?

(புக்கிட் பெலிம்பிங் தோட்ட மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



மின்சாரச் சந்தையைப் போட்டிக்குத் திறந்துவிட்டால் பில் குறையும் என்கிறார்கள். குறைந்தால் நல்லதுதான். ஆனால் வழக்கறிஞன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது ஒன்றே: நட்டம் வந்தால் யார் தலையில்?

நம் நாட்டு அனுபவத்தைப் பாருங்கள். 1990-இல் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமானது. 1992 செப்டம்பர் 29-இல் தீபகற்பமே இருளில் மூழ்கியது. அடுத்த ஆண்டே தனியார் மின் நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது. முதல் ஒப்பந்தம் 21 ஆண்டுகளுக்கு, ஏலம் கிடையாது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தெனாகா பணம் கட்ட வேண்டும். தனியார் வந்தார்கள், போட்டி வரவில்லை.

2019 செப்டம்பரில் அமைச்சர் இயோ பீ யின் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தார். கைப்பேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல் மின்சாரம் விற்பவரையும் மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று பேசப்பட்டது. 2020-இல் ஆட்சி மாறியது. வீடுகளுக்கு அந்த உரிமை வரவில்லை. 2024-இல் கதவு திறந்தது, பெரிய நிறுவனங்களுக்கு. அவர்கள் சூரிய மின்சாரம் தயாரிப்பவரிடம் நேரடியாக வாங்கலாம்.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2018, 2019-இல் எல்லா வீடுகளுக்கும் சந்தையைத் திறந்தார்கள். 2021-இல் எரிவாயு விலை ஏறியதும் பல விற்பனையாளர்கள் கடையை மூடிவிட்டுப் போனார்கள். ஆனாலும் விளக்கு அணையவில்லை. அரசு சார்ந்த எஸ்பி குழுமம் அந்த வாடிக்கையாளர்களை ஏற்றுக்கொண்டது. தாங்கிப் பிடிக்க ஒருவர் இல்லாத போட்டி ஏழைக்கு ஆபத்து.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். தேர்ந்தெடுக்கும் உரிமை மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். தோட்டத்து லயத்தில் மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருந்தால், எத்தனை கம்பெனி வந்தாலும் நமக்கு என்ன? 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 446-ஆவது சட்டம், போதிய மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்கிறது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கான பாதுகாப்பு. வேலை போனால், தோட்டம் கைமாறினால்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், குடியிருப்பவர் பெயரில். எந்தச் சந்தை வந்தாலும் குறைந்த பயன்பாட்டுக்குக் குறைந்த கட்டணம். விற்பவர் ஓடிப்போனால் தெனாகா ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத்து.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பில்லை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், அல்லது பில்லே இல்லையென்றால், எழுதிக்கொண்டு வாருங்கள். எல்லாருடையதையும் சேர்த்து ஒரே மனுவாகத் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டு போவோம்.